உண்டியல் ஊர்தோறும் — கணக்கு மட்டும் கயிலாயத்தில்!

கடவுள் எங்கே இருக்கிறார் என்று கேட்டால், தூணிலும் இருக்கிறார், துரும்பிலும் இருக்கிறார் என்பார்கள். காணிக்கை போடும் வேளையில் உண்டியலுக்குப் பக்கத்திலேயே இருப்பார். வெள்ளம் வந்து விளைந்த பயிர் அழிந்து, "ஏன் இப்படி?" என்று உழவன் கேட்கும் வேளையில் மட்டும் கயிலாயம் சென்றுவிடுவார், அல்லது வைகுந்தத்தில் பள்ளிகொண்டிருப்பார். வாங்குவதற்கு எங்கும் நிறைந்தவர்; பதில் சொல்வதற்கு எங்கும் இல்லாதவர்! இந்த வித்தையை நாம் அறிவோம். ஊர் ஊராகச் சென்று, மேடை மேடையாக ஏறி, இதை அம்பலப்படுத்தி வளர்ந்தது நமது இயக்கம்.

இன்று அதே வித்தையை வேறொரு கூட்டம் நடத்துகிறது. பூணூல் இல்லை, திருநீறு இல்லை, மந்திரம் இல்லை. கோட்டும் சூட்டும் அணிந்த கனவான்கள். இணைய வணிகத்தின் வேந்தர்கள். விளம்பரக் காசு வாங்கும்போது அவர்கள் சென்னையிலும் உண்டு, பாரிசிலும் உண்டு, பெய்ஜிங்கிலும் உண்டு. "உங்கள் தளத்தால் விளைந்த தீங்குக்கு யார் பொறுப்பு?" என்று கேட்டால், "நாங்கள் இங்கே இல்லை ஐயா! எங்கள் கணினிகள் அமெரிக்காவில் இருக்கின்றன. அந்நாட்டுச் சட்டமே எங்களுக்குச் சட்டம்" என்கிறார்கள்.

அவர்களை எதிர்த்து நிற்பதாகச் சொல்லிக்கொண்டு இன்னொரு கூட்டம் வருகிறது. அது அரசுகளின் கூட்டம். "எம் நாட்டுச் சட்டம் இணையத்தையும் ஆளும்" என்கிறது. கேட்பதற்கு இனிக்கிறது. ஆனால் அந்தச் சட்டம் யார் தலையில் இறங்குகிறது? கோடீசுவரன் தலையிலா, எழுதியவன் தலையிலா? இந்தக் கேள்வியைக் கேட்காமல், "உள்நாட்டுச் சட்டம் வாழ்க" என்றோ "உலகளாவிய இணையம் வாழ்க" என்றோ முழங்குவது பகுத்தறிவாளர்க்கு அழகல்ல.

மேகமா, கட்டடமா?

முதலில் மாயையைக் கலைப்போம். நம் மின்னஞ்சல்களும் படங்களும் எங்கே இருக்கின்றன என்று கேட்டால் "மேகத்தில்" என்கிறார்கள். என்ன பொருத்தமான பெயர்! நம் நாட்டுத் தேவர்களும் மேகத்துக்கு மேலேதான் குடியிருந்தார்கள். யாரும் ஏறிப் போய்ப் பார்க்க முடியாது என்ற துணிவில்.

ஆனால் இந்த மேகத்துக்குக் கதவு எண் உண்டு. அயர்லாந்தின் தலைநகரான டப்ளினில் மைக்ரோசாப்ட் நிறுவனத்துக்குத் தரவு மையம் இருக்கிறது. அங்கே சுவர் உண்டு, பூட்டு உண்டு, காவலாளி உண்டு, மின் கட்டணமும் உண்டு. 2013 டிசம்பரில் ஒரு போதைப்பொருள் வழக்கின் தொடர்பில், ஒரு கணக்கின் மின்னஞ்சல்களை ஒப்படைக்குமாறு நியூயார்க் நீதிமன்றம் ஆணை பிறப்பித்தது. "அந்தக் கடிதங்கள் டப்ளினில் இருக்கின்றன, அமெரிக்க ஆணை கடல் தாண்டாது" என்றது மைக்ரோசாப்ட். 2016 ஜூலையில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்த வாதத்தை ஏற்றது. அரசு உச்சநீதிமன்றம் சென்றது. தீர்ப்பு வருமுன்பே, 2018 மார்ச்சில், அமெரிக்க நாடாளுமன்றம் புதுச் சட்டம் கொண்டுவந்தது. அமெரிக்காவின் ஆளுகைக்கு உட்பட்ட நிறுவனத்தின் கைவசமுள்ள தரவு உலகின் எந்த மூலையில் இருந்தாலும், முறையான ஆணை வந்தால் அது ஒப்படைக்கப்பட வேண்டும் என்றது அச்சட்டம். அதற்கு அவர்கள் வைத்த சுருக்கப் பெயர் என்ன தெரியுமா? கிளவுட் சட்டம். மேகத்தின் பெயராலேயே மேகத்தைக் கைப்பிடித்துவிட்டார்கள்! வழக்கும் அத்தோடு முடிந்தது.

இதிலிருந்து நாம் கற்பது ஒன்று. சட்டம் நினைத்தால் எட்டும். எட்டாது என்பது புராணம். எட்ட வேண்டிய இடத்தில் எட்டுகிறதா, எட்டக்கூடாத இடத்தில் எட்டுகிறதா என்பதுதான் வழக்கு.

1996 பிப்ரவரியில் ஜான் பெர்ரி பார்லோ என்ற அமெரிக்கர், டாவோஸ் நகரிலிருந்து இணையவெளியின் விடுதலைப் பிரகடனம் ஒன்றை வெளியிட்டார். அரசுகளுக்கு இங்கே ஆட்சியில்லை, எங்களை விட்டுவிடுங்கள் என்பது அதன் சாரம். அந்தக் கனவில் அழகு இருந்தது. ஆனால், அரசன் வெளியேறிய அரண்மனையில் குடிமக்கள் குடியேறவில்லை; வணிகன் குடியேறினான். விடுதலைப் பிரகடனம் சில ஆண்டுகளிலேயே வணிகனின் வக்காலத்துப் பத்திரம் ஆயிற்று. எப்படி என்பதற்கு யாகூவின் கதை ஒன்று போதும்.

பாரிசில் ஒரு நாக்கு

ஆண்டு 2000. யாகூ அன்று இணையத்தின் முடிசூடா மன்னன். அதன் ஏலத் தளத்தில் நாஜிக் கொடிகள், பதக்கங்கள், சின்னங்கள் என்று ஏறத்தாழ ஆயிரம் பொருள்கள் விலைபோயின. பிரான்சு நாட்டில் அத்தகைய சின்னங்களைக் காட்சிக்கு வைப்பது குற்றம். ஏன் குற்றம்? இட்லரின் படை அந்த மண்ணில் நான்கு ஆண்டுகள் நின்றது. அங்கிருந்து பல்லாயிரம் யூதர்களைத் தொடர்வண்டியில் ஏற்றிக் கொலைக்களத்துக்கு அனுப்பியது. அந்தப் புண்ணின் வடு அச்சட்டம்.

இனவெறியை எதிர்க்கும் அமைப்பு ஒன்றும் யூத மாணவர் சங்கமும் பாரிசு நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தன. யாகூ என்ன சொல்லிற்று? எங்கள் கணினிகள் அமெரிக்காவில் இருக்கின்றன. அங்கே பேச்சுரிமை அரசியல் சட்டத்தின் முதல் திருத்தத்திலேயே இருக்கிறது. மேலும், பார்க்க வருகிறவர் பிரெஞ்சுக்காரரா இல்லையா என்று பிரித்தறியும் தொழில்நுட்பமே கிடையாது. இதுதான் யாகூவின் வாதம்.

நீதிபதி ழான் ழாக் கோமெஸ் ஒரு சிறு செய்தியைக் கவனித்தார். பிரான்சிலிருந்து அந்தத் தளத்தைத் திறப்பவர்க்குப் பிரெஞ்சு மொழியில் விளம்பரம் வருகிறது! சட்டம் வந்து கேட்டால் "யார் எந்த நாட்டார் என்று எங்களுக்குத் தெரியாதே" என்று கையை விரிக்கிறது யாகூ. விளம்பரக்காரன் வந்து கேட்டால் "இதோ பிரெஞ்சுக்காரர்" என்று அடையாளம் காட்டுகிறது. உண்டியலுக்குப் பக்கத்தில் கடவுளுக்குக் கண் தெரிகிறது. உழவன் முன்னால் மட்டும் குருடாகிவிடுகிறது!

நீதிமன்றம் மூன்று நிபுணர்களை அமர்த்தியது. இணைய முகவரி எண்ணைக் கொண்டே பிரெஞ்சு வாசகரில் ஏறத்தாழ 70 விழுக்காட்டினரை அடையாளம் காணலாம். நாட்டைத் தெரிவிக்குமாறு கேட்டால் 90 விழுக்காடு வரை எட்டலாம் என்று அவர்களின் அறிக்கை சொல்லிற்று. 2000 நவம்பர் 20 அன்று தீர்ப்பு வந்தது: மூன்று மாதத்துக்குள் பிரான்சு வாசகரைத் தடுக்காவிட்டால் நாளொன்றுக்கு ஒரு இலட்சம் பிராங்க் தண்டம்.

2001 சனவரியில் யாகூ தன் ஏலத் தளத்திலிருந்து நாஜிப் பொருள்களை நீக்குவதாக அறிவித்தது. ஆனால், தீர்ப்புக்குப் பணிந்ததாகச் சொல்லவில்லை. தானே எடுத்த முடிவு என்றது. அதே வேளையில் கலிபோர்னியா நீதிமன்றத்தில் புகுந்து, பாரிசுத் தீர்ப்பு அமெரிக்க மண்ணில் செல்லாது என்று அறிவிக்கக் கோரியது. 2001 நவம்பரில் நீதிபதி ஜெரமி ஃபோகல் அவ்வாறே அறிவித்தார். மேல்முறையீட்டில் அது நிலைக்கவில்லை. 2006இல் யாகூவின் வழக்கு தள்ளுபடியாயிற்று. ஆண்டுக்கணக்கில் நடந்த அந்தப் போரில் யாகூவின் கொடியில் எழுதியிருந்த முழக்கம் ஒன்றே: பேச்சுரிமை!

பெய்ஜிங்கில் ஒரு நாக்கு

அந்தக் கொடி சீனாவுக்குச் சென்றதா? போர் நடந்துகொண்டிருந்த 2002ஆம் ஆண்டிலேயே, சீனாவில் இணையத் தொழிலார் ஏற்கும் "தன்னொழுக்க உறுதிமொழி"யில் யாகூ கையொப்பமிட்டது. ஆட்சிக்கு ஆகாத செய்திகளை வெளியிடமாட்டோம் என்பது அதன் உட்பொருள். சந்தை பெரிது; கொடி சிறிது.

சாங்ஷா நகரில் ஷி தாவோ என்ற இதழாளர் இருந்தார். தியானன்மென் படுகொலையின் பதினைந்தாம் ஆண்டு நெருங்கியபோது, அதுபற்றி இதழ்கள் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று ஆட்சியிலிருந்து கட்டளை வந்தது. அந்தக் கட்டளையின் குறிப்பை அவர் 2004 ஏப்ரலில் தம் யாகூ மின்னஞ்சல் வழியே நியூயார்க்கில் இருந்த ஒரு தளத்துக்கு அனுப்பினார். அவர் வெடிகுண்டு அனுப்பவில்லை; செய்தி அனுப்பினார். அதை அனுப்பியவர் யார் என்று ஆட்சி கேட்டது. யாகூ சொல்லிற்று. யாகூவிடமிருந்து பெற்ற விவரம், தீர்ப்பிலேயே சான்றாகப் பதிவாயிற்று. 2005 ஏப்ரலில் "அரச இரகசியத்தை வெளியிட்ட" குற்றத்துக்காக அவருக்குப் பத்தாண்டுச் சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது.

ஏன் காட்டிக்கொடுத்தீர் என்று உலகம் கேட்டது. யாகூவின் விடையைக் கேளுங்கள் தோழர்களே: எந்த நாட்டில் தொழில் செய்கிறோமோ அந்த நாட்டுச் சட்டத்துக்குக் கட்டுப்பட்டாக வேண்டும்!

அடடா! பாரிசில் இந்த ஞானம் எங்கே போயிருந்தது? பிரான்சின் சட்டம் ஒரு பொருளை விற்காதே என்றது. யாகூ கடல் தாண்டி நீதிமன்றம் ஏறியது. சீனாவின் சட்டம் ஒரு மனிதனைக் கொடு என்றது. யாகூ கைகட்டி ஒப்படைத்தது. நாஜிப் பதக்கத்துக்காகப் போராடிய நிறுவனம், ஒரு எழுத்தாளனுக்காக ஒரு நாள் போராடவில்லை. பாரிசில் "எங்கள் நாட்டுச் சட்டம்". பெய்ஜிங்கில் "உங்கள் நாட்டுச் சட்டம்". இரண்டு நாக்குக்கும் ஒரே வயிறு. அந்த வயிற்றின் பெயர் இலாபம்.

2007 நவம்பரில் அமெரிக்க நாடாளுமன்றக் குழுவின்முன் யாகூவின் தலைவர் ஜெர்ரி யாங் நிறுத்தப்பட்டார். பார்வையாளர் வரிசையில் ஷி தாவோவின் தாய் அமர்ந்திருந்தார். தொழில்நுட்பத்திலும் செல்வத்திலும் பூதங்களாக இருக்கும் நீங்கள் ஒழுக்கத்தில் குள்ளர்கள் என்று பொருள்படக் குழுவின் தலைவர் டாம் லாண்டோஸ் சாடினார். யாங் அந்தத் தாய்க்குத் தலைவணங்கினார். சில நாள்களில் பணம் கொடுத்து வழக்கு தீர்க்கப்பட்டது. மகன் வெளியே வந்தது 2013 ஆகஸ்டில். எட்டாண்டுக்கு மேற்பட்ட சிறைவாழ்வுக்கு நிறுவனம் செலுத்திய விலை, ஒரு வணக்கமும் ஒரு காசோலையும்.

கைக்கு எட்டியவனே குற்றவாளி

நிறுவனங்களின் புரட்டைச் சொன்னேன். இனி அரசுகளின் புரட்டு.

செருமனியின் மூனிக் நகரில் பெலிக்ஸ் சோம் என்பவர் இருந்தார். கம்ப்யூசர்வ் என்ற அமெரிக்க இணைய நிறுவனத்தின் செருமானியக் கிளைக்கு அவர் மேலாளர். உலகச் செய்திக் குழுக்களில் யாரோ ஏற்றிய சட்டவிரோதப் படங்கள் அந்நிறுவனத்தின் கம்பி வழியே செருமனிக்கு வந்தன. 1995 டிசம்பரில் விசாரணை தொடங்கியதும் நிறுவனம் அஞ்சிற்று. செருமனிக்கு மட்டும் தடுக்கும் வசதி அன்று அதனிடம் இல்லை. ஆகவே 200க்கும் மேற்பட்ட குழுக்களை உலகிலுள்ள தன் வாடிக்கையாளர் அனைவருக்கும் சேர்த்தே மூடிவிட்டது. மூனிக்கில் ஒரு வழக்கறிஞர் புருவத்தை நெரித்தார். அமெரிக்காவில் ஒரு வாசகன் வாசலில் பூட்டைக் கண்டான்!

அத்தோடு போயிற்றா? 1998 மே மாதம் மூனிக் நீதிமன்றம் சோமுக்கு இரண்டாண்டுச் சிறை விதித்தது. தண்டனையை நிறுத்திவைத்து, ஒரு இலட்சம் மார்க் கட்டச் சொன்னது. படத்தை ஏற்றியவர் அவரல்லர். கணினியும் அவர் கையில் இல்லை. தடுக்கும் ஆற்றல் அவருக்கு இல்லை என்று, குற்றம் சாட்டிய தரப்பே இறுதியில் விடுதலை கோரியது, இருந்தும் தண்டனை! 1999 நவம்பரில் மேல்முறையீட்டில்தான் விடுதலை. அவர் செய்த குற்றமெல்லாம் ஒன்றே: அமெரிக்க முதலாளி கைக்கு எட்டவில்லை; இவர் எட்டினார்.

இந்தியாவின் 2021 விதிகளும் இந்த வழியில்தான் நடக்கின்றன. 50 இலட்சத்துக்கு மேல் பயனர் உள்ள சமூக ஊடகம், இந்தியாவில் குடியிருக்கும் ஒரு தலைமை அலுவலரை அமர்த்த வேண்டும். நிறுவனம் விதிப்படி நடக்கத் தவறினால் வழக்கு அவர்மேல் பாயும். நிறுவனத்துக்கு இங்கே முகவரி வேண்டும் என்பது நியாயம். அதற்காக ஊழியனைப் பிணையாளாக வைப்பது நியாயமா? சிறைக்கு அஞ்சும் அலுவலர், ஐயத்துக்கு இடமான எதையும் நீக்குவாரே தவிர, "இது எழுத்துரிமை" என்று எதிர்த்து நிற்பாரா?

பிரேசிலைப் பாருங்கள். எக்ஸ் நிறுவனம் நீதிமன்ற ஆணைகளை ஏற்க மறுத்தது. நாட்டிலிருந்த தன் அலுவலகத்தை மூடியது. சட்டப் பிரதிநிதியும் இல்லை என்றது. 2024 ஆகஸ்ட் 30 அன்று நீதிபதி அலெக்சாண்டர் டி மொராயிஸ் அந்தத் தளத்தையே நாட்டில் நிறுத்தினார். பலன்? பிரதிநிதியை அமர்த்தி, 2 கோடியே 86 இலட்சம் ரெயால் தண்டம் கட்டி, அக்டோபர் 8 அன்று எக்ஸ் திரும்பி வந்தது. உலகின் பெருஞ்செல்வரையும் சட்டம் பணியவைக்க முடியும் என்று மெய்ப்பித்தார்கள், அதை மெச்சுவோம். ஆனால் அதே ஆணையில் இன்னொரு வரி: குறுக்கு வழியில் அந்தத் தளத்துக்குள் நுழையும் எவருக்கும் நாளொன்றுக்கு 50,000 ரெயால் தண்டம்! முதலாளியோடு தொடுத்த போரில் வாசகன் என்ன பாவம் செய்தான்?

தில்லியில் பிறந்து உலகை ஆளும் ஆணை

"அந்நிய முதலாளியை உள்நாட்டுச் சட்டம் அடக்குகிறது; இதில் நமக்கென்ன மனத்தாங்கல்?" என்று நம் தோழர்களில் சிலரே கேட்கிறார்கள். சொல்கிறேன்.

2019ஆம் ஆண்டின் இலையுதிர் காலத்தில் ஒரு மாதத்துக்குள் மூன்று தீர்ப்புகள் வந்தன. செப்டம்பர் 24: கூகுள் தன் தேடல் முடிவை உலகெங்கும் நீக்க வேண்டுமென்று ஐரோப்பிய ஒன்றியச் சட்டம் கட்டாயப்படுத்தவில்லை என்றது ஐரோப்பிய நீதிமன்றம். அக்டோபர் 3: ஆத்திரியா நாட்டு அரசியல் தலைவர் ஒருவரின் அவதூறு வழக்கில், உலகெங்கும் நீக்குமாறு ஆணையிட ஒன்றியச் சட்டம் தடையாக இல்லை என்றது அதே நீதிமன்றம். அக்டோபர் 23: தில்லி உயர்நீதிமன்றம். யோகாசனப் புகழ் சுவாமி ராம்தேவ், தம்மை அவதூறு செய்யும் காணொளிகளை நீக்கக் கோரி முகநூல், கூகுள் முதலிய நிறுவனங்கள்மேல் தொடுத்த வழக்கு. அவரைப் பற்றிய நூல் ஒன்றின் சில பகுதிகளை நீதிமன்றம் முன்பே நீக்கச் சொல்லியிருந்தது. காணொளிகள் அந்நூலைத் தழுவியவை. இந்தியாவிலிருந்து ஏற்றப்பட்டவற்றை உலகம் முழுவதும் முடக்குக என்று ஆணை பிறந்தது. இந்தியாவில் மட்டும் முடக்கினோம் என்று நிறுவனங்கள் சொன்னது ஏற்கப்படவில்லை. மேல்முறையீடும் தொடுக்கப்பட்டது.

அவதூறு என்றால் வழக்காடும் உரிமை சுவாமிக்கும் உண்டு, ஆசாமிக்கும் உண்டு. அதை நான் மறுக்கவில்லை. ஆனால் தில்லியில் ஒரு சாமியாரைப் பற்றிச் சொன்னதை இலண்டனில் இருப்பவனும் கேட்கக்கூடாது என்று விதிக்கத் தில்லிக்கு அதிகாரம் எங்கிருந்து வந்தது? தில்லிக்கு உண்டென்றால் இசுலாமாபாத்துக்கும் உண்டு, ரியாத்துக்கும் உண்டு, மாசுகோவுக்கும் உண்டு.

பாகிஸ்தானில் 2012 செப்டம்பரில், மதத்தைப் புண்படுத்திய ஒரு திரைப்படத் துணுக்குக்காக யூடியூப் தளத்தையே மூடினார்கள். 2016 சனவரி வரை அது மூடிக் கிடந்தது. கணக்கு கற்கும் மாணவனுக்கும் மூடல். மருத்துவம் கற்கும் மாணவிக்கும் மூடல். அந்தச் சட்டத்துக்கு உலகை ஆளும் உரிமை கொடுத்தால் என்னவாகும்? ஒவ்வொரு நாட்டின் மதக் காவலரும் தத்தம் சட்டத்தை நீட்டுவார். உலகிலேயே குறுகிய மனம் படைத்த சட்டம் எதுவோ, அதுவே உலகச் சட்டமாகும்.

அப்போது முதலில் வாயடைக்கப்படுபவர் யார்? நாம்தான் தோழர்களே! புராணத்தைக் கேள்வி கேட்பவன், சாத்திரத்தைச் சோதிப்பவன், சாமியாரின் கணக்கைப் புரட்டிப் பார்ப்பவன். மத உணர்வைப் புண்படுத்துவது குற்றமென்று 1927இல் வெள்ளைக்காரன் சேர்த்த 295-ஏ பிரிவு, 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதாவில் 299ஆம் பிரிவாக உட்கார்ந்திருக்கிறது. வெள்ளையன் போனான், பெயர் மாறியது, எண் மாறியது, விலங்கு மாறவில்லை.

இன்னொன்று. சிலப்பதிகாரத்தில் பாண்டியன் செய்த பிழை என்ன? கோவலனைக் கூப்பிட்டு ஒரு சொல் கேட்கவில்லை. பொற்கொல்லன் சொல்லைக் கேட்டான், கொலைக்கு ஆணையிட்டான். இந்தியாவில் 69-ஏ பிரிவின்கீழ் தளங்களையும் பதிவுகளையும் முடக்கும் ஆணைகளுக்கு 2009இல் விதிகள் வகுத்தார்கள். அவற்றில் 16ஆம் விதி, புகாரும் நடவடிக்கையும் இரகசியமாக இருக்க வேண்டும் என்கிறது. அந்தத் திரைக்குள் அரசு நிறுவனத்திடம் பேசுகிறது. நிறுவனம் அரசிடம் பேசுகிறது. எழுதியவனோ பெரும்பாலும் தன் எழுத்து மறைந்த பிறகே செய்தி அறிகிறான். கண்ணகி சிலம்பை உடைத்து வழக்குரைக்க ஒரு சபையாவது இருந்தது. இங்கே சபையே திரைக்குள் நடக்கிறது!

நாம் கேட்பது என்ன?

இணையத்துக்குச் சட்டமே வேண்டாம் என்பது முதலாளியின் பாட்டு. எங்கள் சட்டம் எங்கும் செல்லும் என்பது ஆதிக்கத்தின் பாட்டு. இரண்டுக்கும் நாம் தாளம் போடத் தேவையில்லை. நாம் கேட்பவை மூன்று.

முதலாவது, எங்கே சம்பாதிக்கிறாயோ அங்கே பொறுப்பேற்றுக்கொள். ஒரு நாட்டு மக்களிடம் விளம்பரம் காட்டிக் காசு வாங்கும் நிறுவனம், அந்த நாட்டு நீதிமன்றத்தில் நின்று பதில் சொல்ல வேண்டும். தண்டம் நிறுவனத்தின் கருவூலத்திலிருந்து வரட்டும். ஊழியனின் உடம்பிலிருந்து வேண்டாம். இது நடக்காத காரியமல்ல. ஐரோப்பிய ஒன்றியம் 2022இல் இயற்றிய எண்மச் சேவைகள் சட்டம், நிறுவனத்தின் உலக வருவாயில் 6 விழுக்காடு வரை தண்டம் விதிக்க வழிசெய்கிறது. தரவுப் பாதுகாப்பு விதியை மீறியதற்காக 2023 மே மாதம் மேட்டா நிறுவனத்துக்கு அயர்லாந்தின் ஆணையம் விதித்தது 120 கோடி யூரோ! யாரையும் சிறைக்கு இழுக்காமலே முதலாளிக்கு வலிக்கச் செய்ய முடியும் என்பதற்கு இவை சான்று.

இரண்டாவது, ஆணை பிறந்த நாட்டின் எல்லையோடு ஆணை நிற்கட்டும். நாட்டு எல்லையில் வாசகரைப் பிரித்தறிய முடியும் என்று 2000ஆம் ஆண்டிலேயே பாரிசு நிபுணர்கள் காட்டிவிட்டார்கள். குழந்தைகளைச் சிதைக்கும் படங்கள் போல, உலக நாடுகள் ஒருமித்துக் குற்றமென்று ஏற்றவை வேறு. அவற்றை எங்கும் அகற்றலாம். ஆனால் ஒரு நாட்டில் குற்றமும் மறுநாட்டில் உரிமையுமாக இருப்பதை, ஒரு நாடு மட்டும் உலகுக்காகத் தீர்மானிக்கக்கூடாது. எல்லைக்குள் பிறக்கும் ஆணையும் வெளிச்சத்தில் பிறக்கட்டும்; காரணம் எழுதப்படட்டும்; எழுதியவன் கேட்கப்படட்டும். 2015 மார்ச் 24 அன்று இந்திய உச்சநீதிமன்றம் 66-ஏ பிரிவைச் செல்லாதென்று அடித்தபோது, யாரோ ஒருவரின் புகாரைக் கண்டு அஞ்சி நிறுவனம் எதையும் நீக்கவேண்டியதில்லை, நீதிமன்றமோ அரசோ முறைப்படி ஆணையிட்டால்தான் கடமை என்று வரையறுத்தது. அந்தப் படியில் நின்றுகொண்டு அடுத்த படியைக் கேட்போம்.

மூன்றாவது, இதுவே எல்லாவற்றிலும் தலையாயது: பொருளை நீக்குவது வேறு, ஆளைக் கொடுப்பது வேறு. நீக்கிய எழுத்தை நாளை திரும்ப ஏற்றலாம். சிறையில் கழிந்த எட்டாண்டை யார் திரும்பத் தருவார்? பேசியதற்காக, எழுதியதற்காக ஒரு மனிதனை அடையாளம் காட்டச் சொல்லும் எந்த ஆணைக்கும், அது எந்த நாட்டு முத்திரையோடு வந்தாலும், நிறுவனம் நீதிமன்றம் ஏறிப் போராடக் கடமைப்பட்டது. அதற்குத் துணிவில்லாத இடத்தில் அந்த மக்களின் கடிதங்களை அது சேமித்து வைக்கவே கூடாது. காக்க முடியாதவன் ஏன் வாங்கி வைக்கிறான்?

இளைஞர்களே! சட்டம் என்பது வக்கீல்களின் வேதமல்ல. வேதத்தையே வினாவியவர்கள் நாம். சட்டப் புத்தகத்தைக் கண்டு கும்பிட்டு விலகாதீர்கள். 79ஆம் பிரிவு என்ன சொல்கிறது, 69-ஏ என்ன செய்கிறது என்று படிப்பகத்தில் உட்கார்ந்து படியுங்கள். மன்றக் கூட்டத்தில் விவாதியுங்கள். உங்கள் எழுத்து மறைந்தால், "ஏதோ இயந்திரக் கோளாறு" என்று இருந்துவிடாதீர்கள். யார் ஆணை, எந்தப் பிரிவு, என்ன காரணம் என்று எழுதிக் கேளுங்கள். விடை வராவிட்டால் அந்த மௌனத்தையே மேடையேற்றுங்கள்.

உண்டியல் வைத்திருப்பவனிடம் கணக்குக் கேட்பது நமக்குப் புதிதல்ல. அன்று கோவில் வாசலில் கேட்டோம். இன்று மேகத்தின் வாசலில் கேட்போம். அந்த வாசலில் அரசன் காவல் நின்றாலும் கேட்போம்!